புராஸ்டேட் வீக்கம்: மாத்திரைக்கும் பெரிய ஆபரேஷனுக்கும் நடுவே

ஐம்பதைத் தாண்டிய ஆண் எதற்காவது வயிற்று ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டின் அடியில் ‘கிரேடு 2 புராஸ்டோமெகலி’, அதாவது புராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கிறது என்று ஒரு வரி வந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் கலங்குவது அந்த கிரேடைப் பார்த்துத்தான். அந்தக் காகிதத்திலேயே அதிகம் உதவாத சொல்லும் அதுதான். ஒரு ஸ்கேன் சென்டரின் கிரேடு 1, அடுத்த தெருவில் கிரேடு 2 ஆகலாம். சுரப்பி எவ்வளவு பெருத்திருக்கிறது என்பதற்கும் ஆள் எவ்வளவு அவதிப்படுகிறார் என்பதற்கும் நேரான தொடர்பு கிடையாது. 100 மில்லி புராஸ்டேட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு. 35 மில்லியிலேயே சிறுநீர் அடைத்து நடுராத்திரியில் கேஷுவால்டிக்கு ஓடுகிறவரும் உண்டு.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் சுரப்பியின் கொள்ளளவு, மில்லியில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் வருவது. இளவயதில் 20-25 மில்லி இருக்கும். அடுத்தது, சுரப்பியின் நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு. 5 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 10-ஐத் தாண்டினால் அடைப்பு உறுதியாக இருக்க வாய்ப்பு அதிகம், மாத்திரை கைகொடுக்க வாய்ப்பு குறைவு. மூன்றாவது, சிறுநீர் கழித்த பிறகும் பையில் மிஞ்சும் அளவு. கடைசியாக, பையின் சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே கல் இருக்கிறதா, சிறுநீரகங்கள் வீங்கியிருக்கின்றனவா என்ற விவரம்.

இதில் நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் நாள்தோறும் நடக்கும் ஒரு கோளாறு உண்டு. இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்டிக்கொண்டு வரும்வரை உட்காரவைத்து, அப்புறம் ஸ்கேன் எடுக்கிறார்கள். அளவுக்கு மீறி விரிந்த பை சரியாகச் சுருங்காது. போய்விட்டு வந்தாலும் 150, 200 மில்லி மிச்சம் இருப்பதாகக் காட்டும். நடுமடலும் நிரம்பிய பையில் தட்டையாகத் தெரியும். 100 முதல் 200 மில்லி இருக்கும்போது அளந்தால்தான் அதன் உண்மையான துருத்தல் தெரியும். வீட்டில் இயல்பாக வரும் அளவுக்கு உந்துதல் வந்ததும் ஸ்கேன் எடுத்து, நிதானமாகப் போய்விட்டு வந்து, சில நிமிடங்களுக்குள் மிச்சத்தை அளக்கச் சொல்லுங்கள். சந்தேகமான எண் வந்தால் வேறொரு நாள் மறுபடி அளக்காமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அடைப்பு ஒன்று, பை ஒன்று

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியேறும் குழாய் புராஸ்டேட்டின் நடுவே புகுந்து வருகிறது. வயதாக ஆக, அந்தக் குழாயை ஒட்டிய உள்பகுதிதான் பெருக்கிறது. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பெருத்த சதை குழாயை இரு பக்கமும் நெருக்குவது ஒரு காரணம். பையின் கழுத்திலும் சுரப்பியிலும் உள்ள தசை இறுகிக்கொள்வது இன்னொரு காரணம். டாம்சுலோசின், சைலோடோசின் வகை மாத்திரைகள் இந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. ஓரிரு வாரத்தில் பலன் தெரியும். ஃபினாஸ்டெரைடு, டியூட்டாஸ்டெரைடு வகை சதையைச் சுருக்குகின்றன. ஆறு மாதமாவது ஆகும், சுருக்கமும் கால்பங்கு அளவுதான்.

பலரும் மறந்துவிடுவது பையை. அடைப்பை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் முக்கி முக்கிப் பையின் தசை முதலில் தடிக்கும். சும்மா இருக்கும்போதே சுருங்க ஆரம்பிக்கும். அவசரமும் அடிக்கடி போவதும் அதனால்தான். கடைசியில் தசை களைத்துத் தொய்ந்துவிடும். தொய்ந்த பிறகு எந்த அடைப்பை எடுத்தாலும் சிறுநீர்த் தாரை முழுசாகத் திரும்பாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புக் கோளாறாலும் இதே தொய்வு வரும். புராஸ்டேட்டைக் குறைசொல்லிச் சிகிச்சை செய்துகொண்டு, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று திரும்பி வருபவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள்.

ஆகவே சிகிச்சைக்கு முன் மூன்று சோதனைகள் இல்லாமல் நகரக் கூடாது. ஒன்று ஐ.பி.எஸ்.எஸ். என்ற, சிறுநீர்த் தொல்லையை அளக்கும் ஏழு கேள்விகள் கொண்ட தாள்: 0 முதல் 35 வரை மதிப்பெண், 7 வரை லேசு, 8 முதல் 19 நடுத்தரம், 20 முதல் கடுமை. அடுத்தது யூரோஃப்ளோ, அதாவது தாரையின் வேகத்தை அளக்கும் கருவியில் சிறுநீர் கழிப்பது. 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்த வரைபடம் செல்லாது. உச்ச வேகம் விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழ் என்றால் அடைப்போ பலவீனமான பையோ, இரண்டில் ஒன்று. எது என்பதை யூரோஃப்ளோ சொல்லாது. சர்க்கரை, பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டுப் பிரச்சினை இருப்பவர்களுக்கும், மிச்சம் நிறைய இருப்பவர்களுக்கும் யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தச் சோதனை செய்தால்தான் தெரியும். மூன்றாவது, புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. ஃபினாஸ்டெரைடோ டியூட்டாஸ்டெரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு வரும் எண்ணை இரண்டால் பெருக்கிப் படிக்க வேண்டும்.

இவற்றோடு மூன்று நாள் டைரி ஒன்றையும் நான் சேர்ப்பேன். எப்போது, எத்தனை மில்லி என்று ஒரு அளவுக் குவளையை வைத்து எழுதினால் போதும். இரவில் நாலு தடவை எழுந்து ஒவ்வொரு தடவையும் 350 மில்லி போகிறவருக்குப் பிரச்சினை புராஸ்டேட்டில் இல்லை. உடல் இரவில் அதிகம் சிறுநீர் உற்பத்தி செய்கிறது. கால்வீக்கம், இதயம், குறட்டை, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடும் பி.பி. மாத்திரை என்று தேட வேண்டிய இடம் வேறு.

டி.யு.ஆர்.பி.க்கு ஏன் மாற்று தேடினார்கள்

உள்நோக்கியை (எண்டோஸ்கோப்) சிறுநீர்க்குழாய் வழியே விட்டு, மின்கம்பியால் சதையைச் சீவி எடுக்கும் டி.யு.ஆர்.பி.தான் இன்றும் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல். தாரை நன்றாகத் திறக்கும். மறுபடி அறுவை தேவைப்படுவது ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு. ஆனால் முதுகில் ஊசி, ஓரிரு நாள் ஆஸ்பத்திரி வாசம், ரத்தக்கசிவு எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றில் இருவர் அளவுக்கு விந்து வெளியே வராமல் பைக்குள் பின்னோக்கிப் போய்விடும். உடலுறவும் உச்சமும் இருக்கும், விந்து வராது. எழுபது வயதுக்காரருக்கு இது பொருட்டில்லை என்று டாக்டரே முடிவு செய்துவிடுவதை நிறையப் பார்க்கலாம். கேட்டுப்பார்த்தால் பலருக்கும் பொருட்டாகத்தான் இருக்கிறது. ஐம்பதுகளில் இருப்பவர்கள் பலர் இதற்குப் பயந்தே மாத்திரையோடு காலம் தள்ளுகிறார்கள், அதற்குள் பை தேய்கிறது.

புதிய சிறு சிகிச்சைகளின் இடம் இங்கேதான். விந்து வெளியேற்றத்தைக் காப்பாற்றித் தருகின்றன, அன்றே வீட்டுக்கு அனுப்புகின்றன. பதிலுக்கு, தாரையின் வேகத்தில் கொஞ்சமும், எத்தனை வருடம் தாங்கும் என்பதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கச் சொல்கின்றன. இந்தப் பேரத்தை வெளிப்படையாகச் சொல்லாத எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டாம்.

ரெஸூம்: நீராவி

நான் முதலில் பேச விரும்புவது இதைத்தான். நடுத்தர அளவுச் சுரப்பிக்கு இப்போதைக்கு இதன் கணக்கு நேர்மையாகப் படுகிறது. அமெரிக்காவில் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2015-இல் அனுமதித்தது. 30 முதல் 80 மில்லி வரையிலான சுரப்பிகளுக்கு.

துப்பாக்கிப் பிடிபோன்ற கருவி ஒன்றைக் கேமராவோடு குழாய் வழியே விடுகிறார்கள். கருவிக்குள் ரேடியோ அலையால் சூடாகும் சுருளில் அரை மில்லிக்கும் சற்றுக் குறைவான சுத்தமான நீர் 103 டிகிரி ஆவியாகிறது. பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி நீண்டு சதைக்குள் இறங்கும். ஊசி முனையைச் சுற்றி 12 நுண்துளைகள், அவற்றின் வழியே 9 விநாடி நீராவி. ஆவி திசுவின் செல்களுக்கு நடுவே பரவி, நீராகக் குளிரும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. 70 டிகிரி அளவுக்குச் சூடேறிய செல்கள் இறந்துபோகின்றன. சுரப்பியின் உறைகளைத் தாண்டி ஆவி போகாது என்பதால் நரம்புகளும் மலக்குடலும் தப்புகின்றன. பைக் கழுத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே தொடங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, விந்துக்குழாய்கள் திறக்கும் மேட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். பக்கத்துக்கு இரண்டு மூன்று ஊசி, நடுமடல் இருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு. மொத்தமே கால்மணி நேரம். சுரப்பியைச் சுற்றி மரப்பு ஊசியோடும் லேசான மயக்கத்தோடும் செய்யலாம். நம்மூரில் சில இடங்களில் முழு மயக்கத்திலோ முதுகு ஊசியிலோதான் செய்கிறார்கள், அதில் தவறொன்றுமில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். வெந்த சதை முதலில் வீங்கும். அதனால் 3 முதல் 7 நாள் யூரின் டியூப் கட்டாயம். டியூப் எடுத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் எரிச்சல், அவசரம், சிவப்புச் சாயை, சில சமயம் சிறு சதைத்துணுக்குகள். ‘போன மாதத்தைவிட மோசமாயிட்டே’ என்று பலரும் சொல்லும் காலம் இது. இறந்த திசுவை உடல் மெல்லத் தின்று கரைக்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்து தாரை மாறும், மூன்றாம் மாதத்தில் முழுப் பலன். ஆறு மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வில் சுரப்பி 30 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருந்தது. எரிச்சல் காலத்தில் பழைய டாம்சுலோசினை நிறுத்தக் கூடாது. சில வாரம் தொடர்ந்த பிறகே டாக்டர் சொல்லி நிறுத்த வேண்டும்.

அனுமதிக்குக் காரணமான ஆய்வில் 197 பேர் இருந்தார்கள். மூன்றில் ஒருவருக்குப் பாசாங்குச் சிகிச்சை: கருவி மட்டும் உள்ளே போகும், ஆவி கிடையாது. மூன்று மாதத்தில் நீராவி பெற்றவர்களின் மதிப்பெண் 11.2 குறைந்தது, பாசாங்கு பெற்றவர்களுக்கும் 4.3 குறைந்தது! இந்தத் துறையில் எந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்தாலும், சும்மா ‘பத்துப் புள்ளி குறைந்தது’ என்பதில் முதல் நாலைந்து புள்ளி ‘சிகிச்சை நடந்துவிட்டது’ என்ற நம்பிக்கைக்கு உரியது என்று கழித்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு முடிவில் 4.4 விழுக்காட்டினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது, 11 விழுக்காட்டினர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். விந்து நின்றுபோவது சில விழுக்காட்டினருக்கு மட்டும். விறைப்பில் புதிதாகக் குறை வரவில்லை.

தவறுவது எங்கே? ஊசி குறைவாகப் போட்டால் நடுமடல் அப்படியே நிற்கும். அதிகம் போட்டால் எரிச்சலும் அடைப்பும் நாட்கணக்கில் நீளும். ஏற்கெனவே டியூப்போடு இருப்பவருக்கும் பலன் கிடைப்பதுண்டு, ஆனால் ஒரு மாதமோ அதற்கு மேலோ டியூப் இருக்க வேண்டிவரும். முதல் வாரம் எடுத்துப் பார்த்துப் போகவில்லை என்றதும் ‘தோல்வி’ என்று முடிவுகட்டக் கூடாது.

யூரோலிஃப்ட்: கட்டி ஒதுக்கிவைப்பது

இதில் சதையை வெட்டுவதும் இல்லை, சுடுவதும் இல்லை. பெருத்த பக்கமடல்களைத் திரையைப் போல இழுத்து ஓரத்தில் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு சிறு உள்வைப்பு: வெளிப்புற உறையில் பிடித்துக்கொள்ளும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) துண்டு, உள்ளே குழாய்ப் பக்கம் நிற்கும் துருப்பிடிக்கா எஃகுத் துண்டு, நடுவே இரண்டையும் இணைக்கும் பாலியெஸ்டர் நூல். வழக்கமாக 4 முதல் 6. எஃப்.டி.ஏ. அனுமதி 2013-இல்.

பெரிய வசதி வேகம். பலருக்கு டியூப்பே தேவைப்படுவதில்லை, சிலருக்கு ஒருநாள். ஓரிரு வாரத்தில் வேலைக்குப் போகலாம். விந்து வெளியேற்றம் கெடாத சிகிச்சைகளில் இதற்குத்தான் வலுவான சான்று. 206 பேர் கலந்துகொண்ட ஆய்வில் நிலையான புதிய விந்துக்கோளாறு யாருக்கும் பதிவாகவில்லை.

விலை அதே ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் இருக்கிறது: 13.6 விழுக்காட்டினருக்கு மறுபடி அறுவை. சதை அங்கேயேதான் இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ‘எட்டு வருடம் கழித்து வேண்டுமானால் வேறு செய்துகொள்கிறேன், இப்போது விந்து முக்கியம்’ என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அது நல்ல முடிவு. எழுபத்தைந்து வயதில் ‘ஒரே தடவையில் முடியணும்’ என்பவருக்கு இது பொருந்தாது.

நடுமடல் பெரிதாகத் துருத்தியிருந்தால் பக்கங்களை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுவில் உள்ளது வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நடுமடலையும் ஒருபக்கமாக இழுத்துக் கட்டும் முறை இருக்கிறது. இருந்தும் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டி, 30 முதல் 80 மில்லிக்குள், அடைக்கும் நடுமடல் இல்லாதவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. சிகிச்சைக்கு முன் கேமரா வைத்துப் பார்க்காமல் யூரோலிஃப்ட் நிச்சயிக்கும் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். நிக்கல் அலர்ஜி இருப்பவர்களுக்கு ஆகாது. கட்டு பைக் கழுத்துக்கு மிக அருகில் விழுந்து உலோகம் சிறுநீரில் நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் உப்புப் படிந்து கல் வளரும். காரணம் தெரியாத எரிச்சலும் தொற்றும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் உலோகத்தின் அருகே படத்தில் நிழல் விழும். பி.எஸ்.ஏ. எல்லைக்கோட்டில் இருப்பவர் எம்.ஆர்.ஐ.யை முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரத்தக்குழாயை அடைப்பது

இது யூராலஜிஸ்ட் செய்வதில்லை. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் செய்வது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயை விட்டு, புராஸ்டேட்டுக்குப் போகும் தமனியைத் தேடிப் பிடித்து, பெரும்பாலும் 300 முதல் 500 மைக்ரான் அளவுள்ள மணிகளைச் செலுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். இரண்டு பக்கமும் செய்தால்தான் முழுப் பலன். பிரேசிலின் சாவோ பாவ்லோவிலும் போர்ச்சுகலின் லிஸ்பனிலும் வளர்ந்த முறை. சிறுநீர்க்குழாய் வழியே எதுவும் போவதில்லை, மயக்கம் தேவையில்லை, அளவுக்கு மேல்வரம்பு இல்லை. 150 மில்லி சுரப்பியோடு, இதயம் பலவீனமாக, மயக்கம் தாங்காத எண்பது வயதுக்காரருக்கு இது வரம்.

படிப்பதற்கு எளிதாகத் தெரிந்தாலும் கைவேலை கடினம். அந்தத் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆளுக்கு ஆள் வேறு வேறு கிளையிலிருந்து புறப்படும். சர்க்கரையும் புகையும் சேர்ந்த உடலில் நெளிந்து, கால்சியம் படிந்து கிடக்கும். பைக்கோ மலக்குடலுக்கோ ஆணுறுப்புக்கோ போகும் கிளையில் மணி புகுந்தால் அங்கே புண் வரும். அதனால் மணியைச் செலுத்துவதற்கு முன் மேசையிலேயே சுழன்று படமெடுக்கும் கோன்-பீம் சி.டி. வசதி இருக்கிறதா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேட்பது தப்பே இல்லை. சாய மருந்து செலுத்துவதால், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு) அதிகம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் சென்ட் காலனில் 103 பேரை வைத்து டி.யு.ஆர்.பி.யோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் மதிப்பெண் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. தாரை வேகம்? டி.யு.ஆர்.பி.யில் விநாடிக்கு 15 மில்லி கூடியது, இதில் 5. இரண்டு ஆண்டுக்குள் ரத்தக்குழாய் அடைப்பு செய்துகொண்டவர்களில் 21 விழுக்காட்டினர் டி.யு.ஆர்.பி.க்குப் போனார்கள். ‘விந்துக்கு ஒன்றும் ஆகாது’ என்று விற்கப்படும் இந்த முறையில், அந்த ஆய்வில் 56 விழுக்காட்டினர் விந்து குறைந்ததாகவோ வராமல் போனதாகவோ சொன்னார்கள், டி.யு.ஆர்.பி.யில் 84. ஒப்பிட்டால் மேல்தான், ஆனால் பூஜ்யமில்லை. அமெரிக்க யூராலஜி சங்கம் 2023-இல்தான் இதைத் தேர்வுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மற்றவை, சுருக்கமாக

ஐ-டிண்ட் என்பது மூன்று கம்பிகள் கொண்ட நிட்டினால் கூடு. சுருக்கி உள்ளே வைத்து விரியவிட்டு, 5 முதல் 7 நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். கம்பிகள் அழுத்திய இடத்தில் பைக் கழுத்தும் சுரப்பியும் பிளவுபட்டு வழி அகலமாகும். நடுமடல் உள்ளவர்களுக்கு இல்லை. அந்த ஒரு வாரம் உள்ளே முள் குத்துவதுபோல இருக்கும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளலாம். ஆப்டிலூம் என்பது பக்லிடாக்செல் மருந்து பூசிய பலூன், எஃப்.டி.ஏ. அனுமதி 2023-இல், நீண்டகாலக் கணக்கு இனிமேல்தான் சேர வேண்டும். பழைய மைக்ரோவேவும் ரேடியோ ஊசியும் கிட்டத்தட்ட வழக்கொழிந்தவை. யாராவது குறைந்த விலையில் கொடுத்தால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

ஹோலெப், கிரீன்லைட் லேசர், அக்வாப்ளேஷன் மூன்றையும் பலர் இந்தப் பட்டியலிலேயே சேர்க்கிறார்கள். வெளியே தையல் இல்லை என்பது சரி, ஆனால் இவை ஆபரேஷன் தியேட்டரில் செய்யும் அறுவைகள். முழு மயக்கமோ முதுகு ஊசியோ தேவை. ஹோல்மியம் லேசரால் செய்யும் ஹோலெப், நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழு வளர்த்தெடுத்தது. உறைக்குள்ளிருந்து சதையை முழுசாகச் சுளையெடுக்கும். 200 மில்லியானாலும் செய்யலாம், மறு அறுவை அரிது, விந்து போவது பெரும்பாலும் உறுதி. அக்வாப்ளேஷன் ரோபோ வழிநடத்தும் அதிவேக நீர்த்தாரை. டி.யு.ஆர்.பி.யோடு ஒப்பிட்ட ஆய்வில் விந்து வராமல் போனது 10 விழுக்காடு, டி.யு.ஆர்.பி.யில் 36. பிறகு ரத்தக்கசிவைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. கிரீன்லைட், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு உதவுவது.

யாருக்குச் சிறு சிகிச்சை ஆகாது

பையில் கல் இருப்பவர், அடைப்பால் சிறுநீரகம் வீங்கி கிரியாட்டினின் ஏறியவர், மறுபடி மறுபடி தொற்று வருபவர் ஆகியோருக்கு, வழி முழுசாகத் திறப்பதுதான் தேவை. இவர்களுக்கு டி.யு.ஆர்.பி.யோ ஹோலெப்போ செய்வதே நியாயம். ‘சின்னதாக ஒன்று பார்ப்போம்’ என்று அரைகுறையாகத் திறந்துவிட்டு ஒரு வருடம் கழிப்பதில் சிறுநீரகம்தான் பலி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: மதிப்பெண்ணில் பெரும்பகுதி அவசரம், அடிக்கடி, இரவு எழுவது, தாரை மட்டும் பரவாயில்லை. இவர்களுக்கு எந்தப் புராஸ்டேட் சிகிச்சையும் ஏமாற்றத்தையே தரும். முதலில் டைரி, பிறகு பையை அமைதிப்படுத்தும் மருந்து.

டியூப்போடு வீட்டில்

டியூப்பைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி, இழுபடாமல் வைக்க வேண்டும். சிறுநீர் சேகரிக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. கட்டிலில் படுக்கும்போது மெத்தைமேல் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பகலில் தாராளமாக நீர் குடிக்கலாம், இரண்டு முதல் இரண்டரை லிட்டர். டியூப்பைச் சுற்றி ஒழுகி, அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையின் பிடிப்பு; அதற்கு மாத்திரை உண்டு. ஆனால் ஒழுகுகிறது, சேகரிக்கும் பையில் இரண்டு மணி நேரமாக ஒன்றும் இறங்கவில்லை, வயிறு உப்புகிறது என்றால் டியூப் ரத்தக்கட்டியால் அடைத்திருக்கிறது. காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

ரோஸ் நிறத்தில் போவது சகஜம். தக்காளிச் சாறுபோலக் கெட்டியாகவோ, கட்டிகளோடோ போனால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மலச்சிக்கல் கூடவே கூடாது. முக்கினால் புண் ரத்தம் கசியும். முதல் நாளே மலமிளக்கி மருந்தை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சைக்கிள், டூவீலர் மூன்று நான்கு வாரம் வேண்டாம். சளிக்கு மருந்துக்கடையில் கேட்காமலே கொடுக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் ஃபெனைல்எஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் இருக்கும். ஒன்று பைக் கழுத்தை இறுக்கும், மற்றது பையின் தசையைத் தளர்த்தும். டியூப் எடுத்த வாரத்தில் ஒரே மாத்திரையில் மறுபடி அடைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. கண்புரை ஆபரேஷன் வரப்போகிறவர், டாம்சுலோசின் எப்போதாவது சாப்பிட்டிருந்தாலும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவிழிப்படலம் தளர்ந்து அறுவையில் தொல்லை கொடுக்கும்.

செலவு விஷயத்தில், ரெஸூமிலும் யூரோலிஃப்டிலும் பணத்தின் பெரும்பகுதி ஒரே தடவை பயன்படும் கருவிக்குப் போகிறது. யூரோலிஃப்டில் உள்வைப்பின் எண்ணிக்கை கூடக் கூடப் பில்லும் கூடும், ஆகவே ‘பேக்கேஜில் எத்தனை அடக்கம்’ என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட விதியில், மறுக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் பட்டியலில் கிரீன்லைட், ஹோல்மியம் லேசர் இரண்டும் பெயரோடு இடம்பெற்றன. நிறுவனங்கள் அவற்றுக்கு உச்சவரம்பு வைக்கலாம், அந்த வரம்பு பாலிசியின் உள்பக்கத்தில் இருக்கும். நீராவியும் யூரோலிஃப்டும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லப்பட்டவை அல்ல. முன் அனுமதி வாங்காமல் சேர்ந்துவிட்டு டிஸ்சார்ஜ் அன்று வாதாடுவது வீண்.

கடைசியாக, திசு. டி.யு.ஆர்.பி.யிலும் ஹோலெப்பிலும் எடுத்த சதை பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். யாருக்கும் தெரியாத புற்று சில நேரம் அங்கே பிடிபடும். நீராவி, கட்டு, மணி, பலூன் எதிலும் பரிசோதிக்கச் சதை கிடையாது. எனவே பி.எஸ்.ஏ.யும் மலக்குடல் வழியே செய்யும் விரல் பரிசோதனையும், தேவையென்றால் எம்.ஆர்.ஐ.யும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்கு வீக்கத்தால் எண் பொய்யாக ஏறும், அப்போது எடுத்துப் பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதம் யூரோஃப்ளோவும் மிச்ச அளவும், ஆறாம் மாதம் பி.எஸ்.ஏ. சதையைக் கரைக்கும் சிகிச்சை என்றால் பழையதைவிடக் குறைந்திருக்கும். அந்த எண்ணைத் தேதியோடு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இனி ஆண்டுதோறும் எடுப்பதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலிருந்து ஏறத் தொடங்கினால், லேப் தாளில் ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.